இடம் பறிபோன பிள்ளையின் நோய்

பள்ளியில் படித்தபோது ‘பொருத்துக’ பகுதியில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. இடப்பக்கம் ஊட்டக்குறை நோய்கள்: குவாஷியோர்கர், பெல்லக்ரா, ஸ்கர்வி, பெரிபெரி. வலப்பக்கம் புரதமும் வைட்டமின்களும் கலைத்துப் போடப்பட்டிருக்கும். குவாஷியோர்கருக்கு நேரே புரதம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அது எந்த ஊர்ப் பேர் என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தெருவில் கவாசாகி பைக் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இதுவும் யாரோ ஒரு ஜப்பானிய விஞ்ஞானியின் பெயராக இருக்கும் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அது ஜப்பானியச் சொல் இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இன்றைய கானா நாட்டில், தலைநகர் அக்ராவிலும் அதன் கடற்கரையிலும் வாழும் மக்கள் பேசும் கா மொழியில் உள்ள சொல் அது. அடுத்த பிள்ளை பிறந்ததும் மடியைவிட்டு இறக்கப்பட்ட முந்தைய பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோய்க்குப் பேரும் அதுதான், காரணமும் அதுதான். நாங்கள் பரீட்சையில் கோடு போட்டு இணைத்தது பாதியைத்தான்.

அந்தப் பொருளைப் படித்த அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் அப்பத்தா. எங்கள் பக்கத்து ஊர்களில் கைக்குழந்தையோடு எந்தப் பெண் வீட்டுக்கு வந்தாலும் அப்பத்தா முதலில் பார்ப்பது கைக்குழந்தையை இல்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் மூத்ததைத்தான் பார்ப்பார். கன்னத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “இது சவலை பாய்ந்துகொண்டிருக்கிறது, கவனி” என்பார். சவலைப் பிள்ளை என்றால் சும்மா மெலிந்த பிள்ளை என்றுதான் இன்று பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது பால்: தாய் மீண்டும் சூலுற்றதாலோ தம்பி தங்கை பிறந்ததாலோ தாய்ப்பால் நின்றுபோய் வாடும் பிள்ளை. யாப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்பார்கள். கிடைக்க வேண்டியது நடுவில் நின்றுபோனது என்ற பொருளைப் புலவர்கள் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்ராவும் எங்கள் ஊரும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டு இடத்துப் பெண்களும் ஒரே காட்சியைப் பார்த்து, ஒரே இடத்தில் விரல் வைத்து, ஒரு பேரும் வைத்திருக்கிறார்கள். மருத்துவ உலகம் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டது 1930களில்தான். கேட்டவர் ஒரு பெண் மருத்துவர்.

சிசிலி வில்லியம்ஸ் பிறந்தது 1893இல், ஜமைக்காவில். தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவில் வேரூன்றிய வெள்ளைக்காரக் குடும்பம். அப்பா கல்வித்துறை அதிகாரி. சிசிலிக்கு ஒன்பது வயது இருக்கும்போது, “உனக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம், நீ டாக்டராகிவிடு” என்ற பாணியில் அப்பா சொன்னாராம். ஆசீர்வாதமா கிண்டலா என்று பிரிக்க முடியாத இந்த மாதிரிப் பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. பதின்மூன்று வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்தது. ஆனால் ஜமைக்காவில் நிலநடுக்கமும் புயலும் அடுத்தடுத்து அடித்ததால் பெற்றோருக்குத் துணையாகத் திரும்பிவிட்டார். அப்பா இறந்த பிறகு, இருபத்து மூன்று வயதில், மறுபடி ஆக்ஸ்ஃபோர்டு. முதல் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டிருந்ததால் மருத்துவ வகுப்பில் இடம் காலியாக இருந்தது. அதனால்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1923இல் தகுதி பெற்று வெளியே வந்தபோது போர் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். பெண் டாக்டருக்கு வேலை இல்லை. லண்டனில் ஹாக்னி பகுதியிலிருந்த ஏழைக் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில், வீட்டைத் தெரியாமல் குழந்தையைத் தெரிந்துகொள்ள முடியாது என்பது அவருக்குப் பிடிபட்டது. பிறகு வெப்பமண்டல மருத்துவம் படித்தார், காலனி அரசுப் பணிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார், 1929இல் கோல்ட் கோஸ்டுக்கு அனுப்பப்பட்டார். அன்றைய கோல்ட் கோஸ்ட்தான் இன்றைய கானா.

பதவியின் பெயர் ‘பெண் மருத்துவ அதிகாரி’. மருத்துவ அதிகாரி என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிய அந்தப் ‘பெண்’ சம்பளத்தைக் குறைப்பதற்காக வந்தது. ஆண் மருத்துவருக்குக் கொடுத்ததைவிட அவருக்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தை அவர் கடைசி வரை வெறுத்தார். ஆனால் அந்த ஒட்டுச் சொல்லால் அரசு எதிர்பாராத ஒரு நன்மையும் விளைந்தது என்று எனக்குத் தோன்றும். பெண் மருத்துவர் என்பதால் குழந்தைகளையும் தாய்மாரையும் அவர் தலையில் கட்டினார்கள். ஆண் அதிகாரிகள் கீழான வேலை என்று ஒதுக்கிய இடத்திலேதான் அந்தக் காலத்தின் மிகப் பெரிய நோய் உட்கார்ந்திருந்தது.

அக்ராவில் இளவரசி மேரி லூயிஸ் பெயரில் 1926இல் திறந்த சிறார் மருத்துவமனை இருந்தது. இன்றும் இருக்கிறது. அங்கே தினமும் வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒரு வகை அவரை உறுத்தியது. வயது ஒன்றிலிருந்து நான்குக்குள். தூரத்திலிருந்து பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும். முகம் உப்பி, கன்னம் தொங்கி, பாதம் பொதபொதவென்று. கிட்டப் போய்ப் புறங்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். அது சதை இல்லை, நீர். கருகருவென்று இருக்க வேண்டிய முடி செம்பட்டை பாய்ந்து, சுருள் தளர்ந்து, இழுத்தால் வலிக்காமல் கையோடு வரும். தோல் ஆங்காங்கே கறுத்து, பழைய சுண்ணாம்புச் சுவர் பொருக்குத் தட்டி உதிர்வதுபோல் உரியும். உரிந்த இடம் சிவந்து புண்ணாக இருக்கும். எல்லாவற்றையும்விட அந்தப் பிள்ளையின் முகம். பசி என்று அழாது. சாப்பாட்டை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். தொட்டால் சிணுங்கும், விட்டால் சுருண்டுகொள்ளும். சிரித்தால் பிழைத்துக்கொள்ளும் என்று இந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள் சொல்வார்கள். சிரிப்புதான் குணம் தெரியும் முதல் அடையாளம்.

வந்த பிள்ளைகளில் பலர் பிழைக்கவில்லை. இறந்த பிள்ளைகளின் உடலை அவரே அறுத்துப் பார்த்தார். ஈரல் கொழுப்பேறி வெளிறிக் கிடந்தது. பிரேதப் பரிசோதனை ஒன்றின்போது கையில் பட்ட வெட்டு சீழ் பிடித்து அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. பெனிசிலின் எல்லாம் இல்லாத காலம், வெட்டுக்காயத்தில் சாவது சர்வசாதாரணம். தப்பித்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடம் சொன்னதைவிட அவருக்கு அதிகம் சொன்னவர்கள் உள்ளூர்ப் பெண்கள். இதற்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள் என்று கேட்டார். அவர்கள் குவாஷியோர்கர் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டார். நாம் பள்ளியில் கேட்காமல் விட்ட அதே கேள்வி. பதில் கிடைத்ததும் அவர் பார்வை கட்டிலிலிருந்து அடுப்புக்குப் போனது. மடியிலிருந்து இறங்கிய பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள்?

மக்காச்சோளம். மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கஞ்சி அங்கே காலை ஆகாரம். அதன் பேர் கோகோ. சாக்லேட்டுக்குப் போகும் கோகோ வேறு, அதையும் அந்த நாடுதான் கப்பல் கப்பலாக உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. அதே புளித்த மாவை உருண்டை பிடித்து, சோளக்கதிரின் மடலில் பொதிந்து, நம் கொழுக்கட்டை போல வேகவைத்தால் கெங்கி. பெரியவர்கள் கெங்கியை மிளகாய்த் துவையலோடும் பொரித்த மீனோடும் சாப்பிடுவார்கள். குறையொன்றும் இல்லாத சாப்பாடு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மீன் போகாது, காரம் ஆகாது, கஞ்சி மட்டும் போகும். வயிறு நிறையும், உடம்பு நிறையாது. தாய்ப்பால் இருக்கிற வரைக்கும் கஞ்சியில் இல்லாததைப் பால் ஈடுகட்டியது. அடுத்த கர்ப்பம் வந்ததும் பால் நின்றது, கஞ்சி மட்டும் மிஞ்சியது. புளித்த கஞ்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பங்கூழில் வளர்ந்தவன் நான். ஆனால் எங்கள் வீட்டில் கூழோடு மோரும் கருவாடும் வந்தன.

1933இல் லண்டனின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் அவர் கட்டுரை வெளிவந்தது. மக்காச்சோள உணவோடு தொடர்புடைய குழந்தைப் பருவ ஊட்டக்குறை நோய் என்று தலைப்பு. அமினோ அமிலமோ புரதமோ குறைவது காரணமாக இருக்கலாம், அதைத் தள்ளிவிட முடியாது என்று அடக்கமாக ஒரு வரி எழுதியிருந்தார். இந்த அடக்கமான வரி பிற்பாடு என்ன பாடுபட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடனே எதிர்ப்பு வந்தது. ஹக் ஸ்டானஸ் என்பவர் ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றியவர், வெப்பமண்டல நோய்களில் பெரிய பேர். இது புதிய நோயே இல்லை, பெல்லக்ராதான் என்று அடித்துச் சொன்னார். பெல்லக்ராவும் மக்காச்சோளம் தின்னும் மக்களுக்கு வரும், தோலும் உரியும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரிந்தது. பெல்லக்ராவின் புண் வெயில் படும் இடத்தில் வரும், கழுத்தைச் சுற்றி, புறங்கையில். இந்தப் பிள்ளைகளுக்கோ இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கை என்று நனைந்தும் உராய்ந்தும் அழுந்தியும் கிடக்கும் இடங்களில் வந்தது. பால் கொடுத்தால் தேறினார்கள். 1935இல் லான்செட் இதழில் பதில் எழுதினார். இந்த முறை தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தார்: குவாஷியோர்கர்.

லத்தீனிலும் கிரேக்கத்திலும் பேர் வைப்பதுதான் மருத்துவத்தின் வழக்கம். இல்லையென்றால் கண்டுபிடித்தவரின் பேரை வைப்பார்கள். வில்லியம்ஸ் நோய் என்று வைத்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். காலனி ஆட்சியின் உச்சத்தில், ஆளப்படுகிற மக்களின் சொல்லை லான்செட்டின் தலைப்பில் ஏற்றியதை அவருடைய மற்ற எல்லா வேலையையும்விட மேலாக நான் மதிக்கிறேன். அவரை அறிந்தவர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும்.

அங்கே அவர் செய்த அன்றாட வேலை தலைப்புச் செய்திக்கு உதவாத வகை. காலனி நிர்வாகத்தில் நோய் தீர்ப்பது ஒரு துறை, நோய் தடுப்பது இன்னொரு துறை. ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது, சுகாதாரத் துறையினர் மருந்து கொடுக்கக் கூடாது. இந்த வேலிக்கு அர்த்தமே இல்லை என்று அவர் கடைசி வரை சண்டை போட்டார். ஆஸ்பத்திரியில் தேற்றி அனுப்பிய பிள்ளை ஆறு வாரத்தில் அதே வீக்கத்தோடு திரும்பி வந்தால் யாருக்குத் தோல்வி? நோயில்லாத பிள்ளையையும் தூக்கிவந்து எடை பார்க்கும் நாட்களை ஏற்படுத்தினார். உள்ளூர்ச் செவிலியரைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பினார். பிள்ளைக்கு ஒரு அட்டை என்ற முறையைக் கொண்டுவந்தார். நம்மூர் அங்கன்வாடியில் எடை போட்டுப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அன்று புதிது.

மேலதிகாரிகளோடு முட்டிக்கொண்டது. 1936இல் தண்டனை போல மலாயாவுக்கு மாற்றினார்கள்.

ஆப்பிரிக்காவை விட்டு விலகுகிறேனே என்று பார்க்க வேண்டாம், சிங்கப்பூரில் நடந்தது அக்ராவின் தொடர்ச்சிதான். அக்ராவில் பால் இல்லாமல் பிள்ளை செத்தது. சிங்கப்பூரில் பால் விற்பவனால் செத்தது. பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு நர்ஸ் உடுப்பு மாட்டிய பெண்களை நிறுவனங்கள் அனுப்பிவைத்தன. சர்க்கரை போட்ட டின் பால் தாய்ப்பாலுக்குச் சமம், ஏன், மேல் என்றுகூட அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆடை நீக்கிய அந்த மாதிரி டின் பாலில் குழந்தைக்கு ஆகாது என்று அச்சடிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். காலனியில் அதையே தாய்மாரிடம் போய் விற்கலாம். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் பேச அவரை அழைத்தார்கள். மன்றத்தின் தலைவரே டின் பால் வியாபாரத்தில் இருந்தவர். சிசிலி வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. குழந்தை உணவு பற்றிய பொய்ப் பிரசாரத்தை ராஜத்துரோகத்தின் படுமோசமான வடிவமாகத் தண்டிக்க வேண்டும், இந்தச் சாவுகளைக் கொலை என்றே எண்ண வேண்டும் என்றார். மதிய உணவுக்குப் பிறகு தூங்கி வழிவதற்கு வசதியான மன்றம் அது. அன்று யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

பிறகு போர். ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் சாங்கி சிறை. 1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் விசாரணைக்கு இழுத்துப் போய், சாகக் கிடக்கும் ஆண்களோடு ஒரே கூண்டில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தது. ஊட்டக்குறை நோய்களைப் பற்றி எழுதியவருக்கு அங்கே பெரிபெரி வந்தது. பாதங்கள் மரத்துப்போனது கடைசி வரை முழுதாகச் சரியாகவில்லை. முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன, இதைவிட என்ன வேண்டும் என்று பின்னால் சொன்னார். டின் பால் கிடைக்காத ஊரில் குழந்தைகள் பிழைத்ததைச் சுட்டிக்காட்ட அவர் தவறவில்லை. அந்தப் பெண்மணியின் நாக்கு எனக்குப் பிடித்த நாக்கு.

1948இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கியபோது தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவர் அவர். அக்ராவில் அவர் பார்த்தது அக்ராவோடு நிற்கும் நோயா என்ற கேள்வி அப்போதுதான் முழுதாக எழுந்தது. 1950இல் கேப் டவுனின் ஜான் பிராக், பிரெஞ்சுக்காரர் மார்செல் ஓத்ரே இருவரும் சஹாராவுக்குத் தெற்கே பத்து நாடுகளைச் சுற்றினார்கள். போன இடமெல்லாம் அந்தப் பிள்ளை இருந்தது. ஊருக்கு ஒரு பேரோடு, அதே வீங்கிய பாதத்தோடு, அதே செம்பட்டைத் தலையோடு. அறியப்பட்ட ஊட்டக்குறை நோய்களிலேயே மிகக் கடுமையானதும் மிகப் பரவலானதும் இதுதான் என்று 1952இல் அறிக்கை கொடுத்தார்கள். பெல்லக்ரா என்று சொன்னவர்கள் அடங்கினார்கள்.

இங்கேதான் கதை கோணலாகப் போகிறது. ‘புரதமாக இருக்கலாம், தள்ளிவிட முடியாது’ என்ற அந்த ஒற்றை வரியை உலகம் பிடித்துக்கொண்டது. இருக்கலாம் என்பது கழன்று விழுந்தது, புரதம் மட்டும் நின்றது. ஏழை நாடுகளுக்கெல்லாம் ஒரே பஞ்சம் புரதப் பஞ்சம் என்றானது. மீன் மாவு, சோயா மாவு, கடலைப் புண்ணாக்கு மாவு, பால் பவுடர் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பணமும் ஆராய்ச்சியும் அந்தப் பக்கமே பாய்ந்தன. 1974இல் டொனால்டு மெக்லாரன் அதே லான்செட்டில் இதையெல்லாம் மாபெரும் புரதக் கூத்து என்று சாடி எழுதினார். சிசிலிக்கும் இந்த டப்பா மாவுகளில் நம்பிக்கை இருந்ததில்லை. அவர் கேட்டது தாயைக் கவனியுங்கள், வீட்டுக்குப் போங்கள், பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி விட உதவுங்கள் என்பதுதான். அவர் கொடுத்த சொல்லை வைத்துக்கொண்டு, சொல்லுக்குள் இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இதில் நம்மவர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் தென்னிந்தியப் பிள்ளைகளிடம் இதே குவாஷியோர்கரைப் பார்த்தவர். ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாறிய பிறகு அவர் குழு ஒரு காரியம் செய்தது. பிள்ளைகளை நோய் வரும் முன்பிருந்தே பின்தொடர்ந்து, யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்தது. வீங்கும் குவாஷியோர்கர் வந்த பிள்ளைகளும், எலும்பும் தோலுமாக வற்றும் மராஸ்மஸ் வந்த பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். புரதம் குறைந்தால் இது, கலோரி குறைந்தால் அது என்று நாங்கள் பரீட்சையில் பிரித்து எழுதிய விடை 1968இலேயே ஆட்டம் கண்டுவிட்டது. எங்கள் பாடப் புத்தகத்துக்கு மட்டும் தகவல் வந்து சேரவில்லை.

ஒரே பட்டினி ஒரு பிள்ளையை ஏன் வீங்கவைக்கிறது, இன்னொன்றை ஏன் வற்றவைக்கிறது? இன்னும் முழு விடை இல்லை. 2013இல் மலாவி நாட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளியானது. ஒரே கருப்பை, ஒரே பால், ஒரே கஞ்சி. ஒன்றுக்கு நோய் வந்தது, மற்றதுக்கு வரவில்லை. நோயுற்ற பிள்ளையின் குடல் நுண்ணுயிரிகளை எலிக்குள் செலுத்தி, எலிக்கு மலாவி உணவைக் கொடுத்தபோது அது மற்ற எலிகளைவிட அதிகமாக எடை இழந்தது. ஆக, சாப்பாட்டோடு குடலும் சேர்ந்த கதை இது. இன்று இத்தகைய பிள்ளைகளைத் தேற்றுவது பெரும்பாலும் பொட்டலத்தில் வரும் நிலக்கடலை விழுது: கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள். கிழித்து வாயில் பிதுக்கினால் போதும், தண்ணீர் கலக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவேண்டிய பல பிள்ளைகள் இதனால் தாய் மடியிலேயே தேறுகிறார்கள்.

சிசிலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை. அந்த ஊர்ப் பெண்கள் சொல்லைக் கொடுத்ததோடு ஒதுங்கிவிடவில்லை. அக்யெம் அபுவாக்வா நாட்டின் மன்னர் முதலாம் நானா ஒஃபோரி ஆட்டாவின் மகள் சூசன், மருத்துவச்சியாகத் தொழிலைத் தொடங்கி, பிறகு எடின்பரோவில் படித்து, 1947இல் கோல்ட் கோஸ்டின் முதல் பெண் மருத்துவரானார். குமாசி மருத்துவமனையில் வேலை பார்த்தவர், பிறகு சிசிலி விட்டுப்போன அதே மேரி லூயிஸ் மருத்துவமனைக்கு வந்தார். மக்கள் அவருக்கு வைத்த பேர் ‘ம்மோஃப்ரா டாக்டர்’. ம்மோஃப்ரா என்றால் ட்வி மொழியில் பிள்ளைகள். ‘பெண் மருத்துவ அதிகாரி’ என்ற அரசாங்கப் பட்டத்துக்குப் பக்கத்தில் இந்தப் பேரை வைத்துப் பாருங்கள். யார் டாக்டர் என்று பார்த்துப் பேர் வைத்தது அரசாங்கம், யாருக்கு டாக்டர் என்று பார்த்துப் பேர் வைத்தது ஊர். குவாஷியோர்கர் ஆய்வுக்காகக் கானா பல்கலைக்கழகம் 1974இல் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

சிசிலி 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். வயது தொண்ணூற்றெட்டு. பால் பவுடர் விளம்பரத்துக்கும் புட்டிப்பால் பிரசாரத்துக்கும் கடிவாளம் போடும் சட்டம் இந்தியாவில் வந்ததும் அதே ஆண்டுதான்.

இதை எழுத உட்கார்ந்ததும் சவலை என்ற சொல் சரிதானா என்று உறுதிசெய்துகொள்ள அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பத்தா போய்ப் பல வருடங்களாகிவிட்டன, இனி அந்தச் சொல்லுக்கு வீட்டில் அம்மாதான் பொறுப்பு.

“சவலைப் பிள்ளை என்றால் யார் அம்மா?”

“நீதான்” என்றார்.

எனக்குப் பதினாறு மாதம் நடக்கும்போது தங்கை பிறந்திருக்கிறாள். நான் கஞ்சியைத் துப்பியிருக்கிறேன், யாரிடமும் ஒட்டாமல் நிலைப்படியில் உட்கார்ந்தே கிடந்திருக்கிறேன், முடி செம்பட்டை பாய்ந்துவிட்டது. அப்பத்தா ஒரு நாள் மூட்டை முடிச்சோடு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். காலையில் ஆட்டுப்பால், மத்தியானம் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, அந்தியில் வறுத்த கடலையைத் தன் வாயில் மென்று ஊட்டுவாராம். மூன்று மாதம்.

“மென்றதையா கொடுத்தார்?” என்றேன்.

“பின்னே, உனக்குப் பல்லா இருந்தது முழுதாக? அங்கிருந்து வரும்போது என்னைப் பார்த்து யாரோ மாதிரி முழித்தாய். அழுகையாக வந்தது எனக்கு. சரி, இதெல்லாம் இப்போது எதற்குக் கேட்கிறாய்?”

ஆப்பிரிக்காவில் ஒரு டாக்டர் இருந்தார் என்று தொடங்கினேன். அம்மா பாதியில் நிறுத்தி, தங்கையின் பெரிய பையன் இப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, இரண்டாவது பிறந்ததிலிருந்தே அப்படித்தான், ஞாயிற்றுக்கிழமை போய் அவனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், உன்னால் வண்டி எடுத்துக்கொண்டு வர முடியுமா என்றார்.